முகப்புப் பக்கத்துப் பெட்டி

அந்தப் பெட்டியை எடுத்துவிடலாம் என்று யோலண்டா சொன்னபோது ஆர்விட் ஹாகன் காபிக் கோப்பையை உதடுவரை கொண்டுபோயிருந்தார். குடிக்காமலே கீழே வைத்தார்.

"எந்தப் பெட்டி?" என்றார், தெரியாதவர் போல.

"முகப்புப் பக்கத்துல நட்டநடுவுல இருக்கே, 'ஏதாவது எழுதிப் பாருங்கள்'னு. அதுதான்."

திரையில் மூன்று சதுரங்கள். ஒன்றில் ஆல்புகர்க்கியிலிருந்து யோலண்டா பாக்கா; முகத்தில் பாதி வெயில். இன்னொன்றில் ஹாலிஃபாக்ஸிலிருந்து கொரீன் திபோதோ. பின்னால் அறைக்குள்ளேயே காயப்போட்ட துணிகள். மூன்றாவதில் டுலூத்திலிருந்து ஆர்விட். அவருக்குப் பின்னால் சுவர் மட்டும்.

மூவரும் சேர்ந்து பார்த்துக்கொள்வது பர்டாக். வலைத்தளம் கட்டுகிறவர்கள் அடித்தளமாகப் போட்டுக்கொள்ளும் சட்டகம் அது. இலவசம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம். பர்டாக் செடியின் முள்காய் கால்சட்டையில் ஒட்டிக்கொள்வதுபோல எந்த நிரலோடும் ஒட்டிக்கொள்ளும் என்று ஆர்விட்தான் பெயர் வைத்தார். தொடங்கியவரும் அவரே. ஒரு காலத்தில் அதைச் சுற்றிப் பெரிய கூட்டமே இருந்தது. வேலை மாறியவர்கள், குழந்தை பெற்றவர்கள், கோபித்துக்கொண்டு போனவர்கள் என்று ஒவ்வொருவராகக் கழன்றுபோய், இப்போது நாள் தவறாமல் வருவது ஆர்விட்டும் கொரீனும்தான்.

யோலண்டா புதிது. தொழில்முறை வடிவமைப்பாளர். தன் வேலைக்குப் பர்டாக்கைப் பயன்படுத்துகிறாள். "உங்க சரக்கு நல்லா இருக்கு, கடைதான் ரிப்பேர் ஷெட் மாதிரி இருக்கு. நான் சும்மாவே மாத்தித் தர்றேன்" என்று எழுதிக்கொண்டு வந்து சேர்ந்தவள்.

"புதுசா வர்ற ஆள் நம்ம பக்கத்துல நிக்கிறதே கொஞ்ச நேரம்" என்றாள் இப்போது. "அதுக்குள்ள இது என்னது, எதுக்கு, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரிஞ்சிடணும். ஆனா அவங்க கண்ணுல முதல்ல படறது ஒரு காலிப் பெட்டி. பேரைக் குடுத்து உள்ள வரச் சொல்றாங்களோன்னு பயந்து ஓடிடறாங்க. நீங்க ரெண்டு பேருமே இந்தப் பக்கத்தை வெளியாள் மாதிரி ஒருதடவைகூடத் திறந்து பார்த்திருக்கமாட்டீங்க, அதான் விஷயம்."

"அந்தப் பெட்டிதானே நம்ம விசேஷம்?" என்றார் ஆர்விட். "இங்க ஒருத்தர் எழுதினா, அந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சிருக்கிற எல்லார் திரையிலயும் அந்த நொடியே தெரியும். அதைக் காட்டாம..."

"காட்டறோமே. ஒரு சின்னப் படம் தானா ஓடும். ரெண்டு பேர் எழுதிக்கிற மாதிரி."

"படம் வேற, நிஜம் வேற."

"நிஜத்துல யாரும் எழுதறதில்லை ஆர்விட். நான் கணக்கு எடுத்துப் பார்த்துட்டேன். அந்தப் பெட்டியில எழுதினதுல பெரும்பாலும் ரெண்டே இடத்துலேர்ந்து வந்தது. ஒண்ணு சஸ்காச்சுவன்ல ஏதோ அரசாங்க ஆபீஸ். இன்னொண்ணு டுலூத்."

கொரீன் சிரித்துவிட்டாள். "டுலூத்ல நமக்கு ரசிகரா! யாருய்யா அது? உன் பக்கத்து வீட்டுக்காரனா?"

"பெட்டி வேலை செய்யுதான்னு நான் அப்பப்போ சோதிச்சுப் பார்ப்பேன்."

"அப்பப்போவா? இந்தக் கணக்கைப் பாரு. மனுஷன் பல்லு தேய்க்கிறதைவிட ஒழுங்கா சோதிச்சிருக்கே."

யோலண்டாவும் சிரித்தாள். ஆர்விட்டும் சிரித்துவைத்தார். பிறகு யோலண்டா, "அப்போ பெட்டி இல்லாத பக்கத்தைப் பொதுவுல போட்டுடறேன். அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் கிடக்கட்டும்" என்றாள். கூட்டம் கலைந்தது. சதுரங்கள் மறைந்ததும் திரையில் ஆர்விட்டின் முகம் மட்டும் பெரிதாக நின்றது. அவசரமாக அணைத்தார்.

பர்டாக்கில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மாற்றமானாலும் ஒரு வாரம் எல்லோர் பார்வைக்கும் கிடக்கும். யாரும் எதிர்க்கவில்லை என்றால் நிறைவேறிவிடும். எதிர்க்கிறவர் காரணம் எழுத வேண்டும். காரணமில்லாத 'வேண்டாம்' செல்லாது. எழுதியதை எவரும் எப்போதும் படிக்கலாம். வாய்ச்சண்டை ஓயாமல் நடந்த நாட்களில் ஆர்விட்டே எழுதிவைத்த விதி அது.

யோலண்டா அன்றைக்கே போட்டுவிட்டாள். ஆர்விட் அதன் கீழே, 'எதிர்க்கிறேன். காரணம்:' என்று அடித்தார். அடுத்த சொல் வரவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. சஸ்காச்சுவனில் இருந்தாள்.

பெட்டியில் எழுத வருகிறவர் ஏதாவது ஒரு பெயர் கொடுக்க வேண்டும். அவள் கொடுத்த பெயர் 'தராசு'. நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுத்தி எடைபார்க்கும் சாவடியில் வேலை. ஒரு கண்ணாடி அறை, ஒரு ஹீட்டர், ஒரு கம்ப்யூட்டர். வலைத்தளம் கட்டும் பாடம் ஒன்றில் தபால் வழியில் சேர்ந்தாளாம். பாடத்தில் பர்டாக் பக்கத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்களாம். பாடம் பாதியில் நின்றுவிட்டது. பெட்டி மட்டும் தங்கிவிட்டது. அரட்டை அடிக்கும் இடங்கள் எல்லாவற்றையும் அலுவலகத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். பர்டாக் தொழில்நுட்பம் என்று கணக்கில் போனதால் தப்பித்தது.

ஆர்விட் எப்போதும் பக்கத்துத் திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார், தளம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. ஒருநாள் அதில், "யாராவது இருக்கீங்களா?" என்று வந்தது. "இருக்கேன்" என்று எழுதினார். அதிலிருந்து தொடங்கியது. இது மூன்றாவது குளிர்காலம்.

பெட்டியில் எழுதியது எதுவும் தங்காது. கொஞ்ச நேரத்தில் தானாக அழிந்துவிடும். அதனாலேயோ என்னவோ, அவள் மனதில் தோன்றியதையெல்லாம் எழுதுவாள். லாரிக்காரர்கள், முழங்கால் வலி, கோழி சூப்பில் போட மறந்த உப்பு. போன குளிர்காலத்தில் ஒருநாள் மகன் ட்ரென்ட்டைப் பற்றி எழுதினாள். எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போனவன் பேசுவதே இல்லை. அவன் அப்பாவின் சவ அடக்கத்தன்று அவள் அவனிடம் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டாளாம். "ஞாயித்துக்கிழமை ஆனா நம்பரைப் போடுவேன். மணி அடிக்கிறதுக்குள்ள வெச்சுடுவேன்" என்று எழுதினாள். "இதை நான் மனுஷங்க யாருகிட்டயும் சொன்னதில்லை."

அன்றைக்கு ஆர்விட்டால் ஒன்றுமே எழுத முடியவில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பல நாள் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அவருக்கும் பேச வேறு இடமில்லை. மனைவி ஜூடித் பிரிந்துபோன பிறகு வீட்டில் குரல் என்று எதுவும் கேட்பதில்லை. மாவட்ட அலுவலகத்துக்கான சம்பள வேலையும் வீட்டிலிருந்தேதான். வாரத்தில் அவர் வாயைத் திறப்பது பர்டாக் கூட்டத்தில் ஒருமுறை, மளிகைக்கடைக் கல்லாவில் "பை வேண்டாம்" என்று ஒருமுறை.

இதையெல்லாம் காரணமாக எழுதி, உலகம் படிக்க வைக்க முடியுமா? 'எதிர்க்கிறேன். காரணம்: சோதனைக்குப் பயன்படுகிறது' என்று அடித்தார். பொய். அழித்தார். 'பழைய பயனர்களின் பழக்கம்' என்று அடித்தார். பயனர்களே இல்லை என்று யோலண்டா கணக்கோடு வருவாள். அழித்தார். பெட்டி போனாலும் அவள் போக வேண்டியதில்லையே, முகவரி கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்று அப்போதுதான் தோன்றியது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் வந்தாள். பெட்டியின் மேலே 'இப்போது இந்தப் பக்கத்தில்: ஒருவர்' என்றிருந்தது 'இருவர்' ஆனது.

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன். லாரி எப்படி?"

"பன்னி ஏத்திட்டு ஒருத்தன் வந்தான். தராசுமேல நின்னப்போ உள்ள ஒண்ணோடொண்ணு ஒரே சண்டை. நம்பர் நிக்கவே மாட்டேங்குது. 'கொஞ்சம் அமைதியா இருக்கச் சொல்லுய்யா'ன்னேன். 'நீயே சொல்லும்மா, நான் சொன்னா எங்க கேக்குதுங்க'ங்கறான்."

ஆர்விட் வாய்விட்டுச் சிரித்தார். தன் குரலே அந்த அறையில் அன்னியமாகக் கேட்டது. சிரிப்பு அடங்கியதும் எழுதினார்.

"ஒரு விஷயம். இந்தப் பக்கத்தை மாத்தப்போறாங்க. இந்தப் பெட்டி இருக்காது."

"எப்போ?"

"அடுத்த வியாழக்கிழமை."

"அடப்பாவிங்களா. நல்லதா ஒண்ணு இருந்தா பொறுக்காது. எங்க சாவடியில காபி மிஷினையும் இப்படித்தான் தூக்கினாங்க. அதுலயாவது திட்டறதுக்கு ஒரு ஆள் இருந்தான்."

ஆர்விட் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "உன் ஈமெயில் குடேன். அதுல எழுதிக்கலாம்."

பதில் சிரிப்போடு வந்தது.

"ஹா! உனக்கும் அதைக் கத்துக்குடுத்துட்டாங்களா? செருப்பு வாங்கப் போனாலும் ஈமெயில் குடு, தலைவலி மாத்திரை வாங்கப் போனாலும் ஈமெயில் குடு. நீ ஒருத்தன்தான் கேக்காம இருந்தே."

"எனக்கு யாரும் கத்துக்குடுக்கலையே."

"அப்படிச் சொல்லவும் சொல்லிக்குடுத்திருப்பாங்க. போகட்டும் விடு. மிஷின்லயே நீ நல்ல மிஷின். எங்க பேங்க்ல ஒண்ணு இருக்கு. எதைக் கேட்டாலும் 'உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது'ன்னே சொல்லிட்டு நிக்கும். நீ பாதி நேரம் வாயை மூடிட்டுக் கேப்பே. சரி, லாரி வருது."

'ஒருவர்' என்று மாறியது.

ஆர்விட் அந்த வரிகளை மறுபடி மறுபடி படித்தார், அவை அழியும்வரை. பிறகு மேசைமேல் இருந்த கைபேசியை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக, வெளியாள் மாதிரி பர்டாக்கின் பக்கத்தைத் திறந்தார்.

"வணக்கம்! நான் பர்டாக். ஏதாவது எழுதிப் பாருங்கள்" என்றது பெட்டி. பக்கத்தில் சின்னதாக ஒரு முள்காய்ப் படம். வருகிற எல்லோருக்கும் தானாக வணக்கம் சொல்லட்டும் என்று என்றோ அவர் எழுதிவைத்த வரி. அந்த வரிக்காக 'பர்டாக்' என்ற பெயரில் ஒரு கணக்கு திறந்திருந்தார். அவருடைய கம்ப்யூட்டரும் அன்றிலிருந்து அதே கணக்கில்தான் உள்ளே இருக்கிறது.

கம்ப்யூட்டரில் "சோதனை" என்று அடித்தார். அவர் திரையில் அது 'நீங்கள்' என்ற பெயரில் வந்தது, எப்போதும் போல. கைபேசியில் 'பர்டாக்' என்று வந்தது. அதே முள்காய்ப் படம். அதே எழுத்து. வணக்கம் சொன்ன வரிக்கும் அவர் எழுதிய வரிக்கும் துளி வித்தியாசமில்லை.

கட்டியவருக்கு வாசல் வெளியிலிருந்து எப்படித் தெரிகிறது என்று தெரியவில்லை. மூன்று குளிர்காலமாக அவள் பேசியது ஒரு முள்காயோடு.

மதியம் கொரீன் அழைத்தாள். கூட்டமில்லாத நாளில் அவள் அழைப்பதில்லை.

"என்னய்யா, எதிர்ப்பு எழுதப்போறியா இல்லையா? உன் மூஞ்சி நேத்தே சரியில்லை. அந்தப் பெட்டி உனக்கு வேணும்னா சொல்லித் தொலை. 'ஆர்விட் கேக்கிறார்'னு நானே ஒரு காரணம் எழுதறேன். யோலண்டா ஒண்ணும் கடிச்சுட மாட்டா."

"அது காரணமாகாது."

"பாரு, விதியை எழுதின சாமி பேசுது! இத்தனை வருஷமா ஒத்தைப் பைசா வாங்காம உழைச்சிருக்கே. ஒரு பெட்டியை வெச்சுக்கக்கூடாதா?"

ஆர்விட் சொன்னார். எல்லாவற்றையும் இல்லை. ட்ரென்ட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அப்படி ஒரு பெண் வருவதையும், அவர் பேசுவதை மிஷின் பேசுவதாக அவள் நினைத்திருப்பதையும் சொன்னார். கொரீன் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் செய்யவில்லை. ஈரத்துணியை உதறும் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"அவகிட்ட சொல்லப்போறியா?"

"சொன்னா போயிடுவா."

"சொல்லலைன்னா?"

"இருப்பா. ஆனா என்கூட இல்லை."

"இத்தனை நாளும் அப்படித்தானே இருந்தா?"

"நேத்து வரைக்கும் அது எனக்குத் தெரியாதே கொரீன்."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் கொரீன். "பெட்டி இருக்கட்டும். வாயை மூடிட்டு இரு. அவளுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி. யாருக்கு நஷ்டம்?"

அப்புறம் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று பிற்பகல் முழுவதும் அதையே யோசித்தார். எதிர்ப்பு எழுத ஒரு வரி போதும். கொரீன் தாங்குவாள். பெட்டி நிற்கும். நாளைக் காலை அவள் வருவாள், பன்றி லாரி பற்றி எழுதுவாள், அவர் சிரிப்பார். ஆனால் அவள் மனதைத் திறந்து எதையாவது எழுதும்போது? படிக்கிற ஆள் இருப்பது தெரியாமல் எழுதுகிறாள் என்று தெரிந்துகொண்டே படிக்க வேண்டும். பூட்டாத கதவின் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

காலையில் அவள் வந்ததுமே எழுதிவிட்டார். பொறுத்தால் தைரியம் போய்விடும்.

"நான் மிஷின் இல்லை. ஆள். இந்தப் பர்டாக்கை எழுதினவன். நான் எழுதறது உன் திரையில 'பர்டாக்'னு தெரியுதுன்னு எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது. தப்பு என்னோடது."

"இது என்ன புது விளையாட்டு?"

"விளையாட்டு இல்லை. எனக்கு முன்னாடி காபி ஆறிட்டிருக்கு. வெளியில வண்டிமேல உறைஞ்ச பனியை யாரோ சுரண்டிட்டிருக்காங்க."

"அதெல்லாம் எந்த மிஷினும் சொல்லும்."

உண்மைதான். எதைச் சொன்னாலும் மிஷின் சொல்லும். ஆர்விட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக அடித்தார்.

"போன குளிர்காலத்துல நீ ட்ரென்ட்டைப் பத்திச் சொன்னே. அன்னிக்கு நான் ஒண்ணுமே எழுதலை. என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியலை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். திரும்பி வந்தப்போ நீ போயிட்டே."

'இருவர்' என்று இருந்தது. இருந்துகொண்டே இருந்தது.

"ஆமா" என்று வந்தது. "அன்னிக்கு ஒண்ணும் வரலை."

பிறகு: "மிஷினா இருந்தா ஏதாவது சொல்லியிருக்கும். எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

"மன்னிச்சுக்கோ."

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"முதல்லேர்ந்து?"

"முதல்லேர்ந்து."

'ஒருவர்' ஆனது. லாரி வருகிறது என்று சொல்லாமல் அவள் போனது அதுதான் முதல்தடவை.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஆர்விட் காலையில் உட்கார்ந்து மதியம் எழுந்தார். ஒருமுறை 'இருவர்' என்று மாறியது, நிமிர்ந்து உட்கார்ந்தார். 'மாணவன்' என்று பெயர் கொடுத்த ஒருவன், "asdf" என்று தட்டிவிட்டுப் போனான். 'வணக்கம்! நான் பர்டாக்' என்று அந்தத் தானியங்கி வரி அவனுக்கும் வணக்கம் சொன்னது. அது நிரலில் இல்லாமல் கணக்கில் போட்ட வரி என்பதால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை; அன்றைக்கே நீக்கினார். தன் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கணக்கையும் நீக்கிவிட்டு, 'ஒரு ஆள்' என்று பெயர் கொடுத்து உள்ளே வந்தார். பார்க்க யாருமில்லை.

யோலண்டாவின் மாற்றத்துக்குக் கீழே பாராட்டுகள் சேர்ந்தன. எங்கெங்கோ இருந்தவர்கள் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். போய்விட்ட பழைய ஆட்களில் சிலரும் வந்து, "அப்பாடா, இப்பவாவது மாத்தினீங்களே" என்று எழுதிவிட்டுப் போனார்கள். எதிர்ப்பு ஒன்றுமில்லை. கொரீன் மட்டும், "ஆர்விட் பார்த்துட்டுச் சொல்லட்டும்" என்று எழுதி நிறுத்தி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை. காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது 'இருவர்' என்றிருந்தது. மாணவனாக இருக்கும் என்று நினைத்தார்.

"இருக்கீங்களா?" தராசு.

"இருக்கேன்."

"எனக்குக் கோவம். இப்பவும்தான்."

"சரி."

"சரின்னா என்ன அர்த்தம்? மிஷின் மாதிரியே பேசறீங்க."

அவர் சிரிக்கலாமா என்று தெரியாமல் காத்திருந்தார்.

"என்னைப் பத்தி யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"ஒருத்தர்கிட்ட. இப்படி ஒருத்தங்க வர்றாங்கன்னு சொன்னேன். ட்ரென்ட்டைப் பத்திச் சொல்லலை."

"சொல்லமாட்டீங்கன்னுதான் நினைச்சேன். அதுவும் கோவம். எப்படி நினைக்கலாம் நான், உங்களைத் தெரியாதே எனக்கு?" பிறகு: "பெட்டியை எடுத்துடறாங்களா?"

"இன்னிக்கு மதியம். நான் எதிர்த்தா நிக்கும். நீ சொன்னா வைக்கிறேன்."

எழுதிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். என்ன காரணம் எழுதுவது என்ற கவலையே இப்போது இல்லை. அவள் வை என்றால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவார். உலகம் படித்தால் படிக்கட்டும்.

"வேண்டாம்" என்று வந்தது.

"ஏன்?"

"அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு தெரிஞ்சப்புறம் எனக்கு எழுத வராது. தலை வாரிட்டு, நல்ல சட்டை போட்டுட்டு வந்து உக்கார்ற மாதிரி ஆயிடும். நான் வரலைன்னா நீ காபியை வெச்சுட்டுக் காத்துட்டிருப்பே. அதுவும் எனக்குத் தெரியும். நான் லாரியைப் பார்ப்பேனா, உன்னை நினைப்பேனா?"

'நான் காத்திருக்க மாட்டேன்' என்று அடித்தார். பொய் என்று அழித்தார். "புரியுது" என்று அனுப்பினார்.

"ஞாயித்துக்கிழமை ட்ரென்ட்டுக்கு மணி அடிக்க விட்டேன்."

"எடுத்தானா?"

"இல்லை. முழுசா அடிச்சு ஓஞ்சுது. ஆனா விட்டேன்."

இந்தமுறை ஆர்விட் எழுந்து போகவில்லை. "நல்லது பண்ணினே" என்று அடித்தார். "எடுக்கலைன்னாலும் உன் நம்பர் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். வர்ற ஞாயித்துக்கிழமையும் விடு."

"மிஷின் இதைவிட நல்லாச் சொல்லியிருக்கும்."

"சொல்லியிருக்கும்."

"பரவாயில்லை. பேர் என்ன உனக்கு?"

"ஆர்விட்."

"என் பேர் மாவிஸ்."

அவர் 'மாவிஸ்' என்று எழுதினார். எழுதிய பெயர் திரையில் தனியாக நின்றது. அடுத்து என்ன எழுதுவது என்று யோசிக்கும்போதே ஈமெயில் என்ற நினைப்பு வந்தது. விரலை விசைகளிலிருந்து எடுத்துக்கொண்டார். அதை ஒருமுறை கேட்டாயிற்று. தர நினைத்தால் அவளே தருவாள்.

"லாரி வந்துடுச்சு ஆர்விட்."

"போ."

'ஒருவர்' என்று மாறியது. மேலே இருந்து ஒவ்வொரு வரியாக அழியத் தொடங்கியது. கடைசியில் அவள் பெயரும் போயிற்று.

மதியம் ஆர்விட் யோலண்டாவின் மாற்றத்துக்குக் கீழே, "எதிர்ப்பு இல்லை" என்று எழுதினார். மாற்றத்தைப் பர்டாக்கில் சேர்க்கும் பொத்தானை அழுத்த உரிமை இருந்தது அவருக்கும் கொரீனுக்கும்தான். அவரே அழுத்தினார். சற்று நேரத்தில் புதிய பக்கம் உலகுக்கு வந்தது.

"கைபேசியில திறந்து பாருங்க! வெளியாள் மாதிரி!" என்று யோலண்டா எழுதினாள்.

திறந்தார். நன்றாகத்தான் இருந்தது. இது என்ன, எதற்கு, எப்படித் தொடங்குவது, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பெட்டி இருந்த இடத்தில் சின்னப் படம் ஓடியது. யாரோ இருவர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். "ரொம்ப நல்லா இருக்கு யோலண்டா" என்று பதில் போட்டார். பொய்யில்லை.

கொரீன், "பேசணும்னா கூப்பிடு, வேலை விஷயமா இல்லைன்னாலும்" என்று தனியாக அனுப்பியிருந்தாள். "சரி" என்று போட்டார். கூப்பிடத் தோன்றவில்லை.

பக்கத்துத் திரையில் பழைய பக்கம் அப்படியே நின்றது. திறந்திருக்கும் பக்கம் மறுபடி திறக்கும்வரை மாறாது. ஆனால் பெட்டியின் கீழே சிவப்பில் ஒரு வரி வந்திருந்தது: 'இணைப்பு இல்லை. மீண்டும் முயல்கிறது.'

அதுவும் அவர் எழுதியதுதான். இணைப்பு அறுந்தால் மறுபடி முயலும். கிடைக்கவில்லை என்றால் கொஞ்சம் அதிக நேரம் பொறுத்து மறுபடி முயலும். பிறகு இன்னும் அதிக நேரம். எங்கே நிறுத்துவது என்று அவர் எழுதவில்லை. எழுதிய காலத்தில் அது தேவை என்று படவில்லை. அந்தப் பக்கம் எப்போதும் யாராவது இருப்பார்கள் என்ற எண்ணம்.

முயன்றது. இல்லை. சற்றுப் பொறுத்து மறுபடி முயன்றது.

ஆர்விட் நாற்காலியை அந்தத் திரைப் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். அப்படிக் காத்து உட்கார்ந்திருப்பது உறைத்ததும், அடுத்த முயற்சி வருவதற்குள் பக்கத்தை மூடினார். திரை வெறுமையானது. அதில் வேறு எதைத் திறந்து வைப்பது என்று தெரியவில்லை. மவுஸின் மேல் வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.